சீட்டு மேசைக்குப் புதுத் துணி: கம்பளியா, வெல்வெட்டா, பாலியஸ்டரா?

வீட்டில் அடித்த பழைய போக்கர் மேசையைப் புதுப்பிக்கலாம் என்றதும் பேச்சு நிறத்தில்தான் தொடங்கும். மலேசியாவின் பினாங்கில் நிறம் கடைசிக் கவலை. ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிற ஊர் இது. எந்தப் பொருள் இந்த ஈரத்தைத் தாங்கும் என்பதே முதல் கேள்வி.

துணியில் போட்டி மூன்றுக்குள். பில்லியர்ட் மேசைக் கம்பளி பார்க்கப் பணக்காரத்தனம். ஆனால் தள்ளிவிட்ட சீட்டு பாதி வழியில் நின்றுவிடும், மூடிவைத்தால் அந்துப்பூச்சி அரிக்கும். வெல்வெட் லிட்டில் இந்தியா துணிக்கடையிலேயே கிடைக்கும், விலையும் மலிவு. அதன் மயிர் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் சீட்டு ஒரு பக்கம் ஓடும், எதிர்ப்பக்கம் சிக்கும். முழங்கை ஊன்றும் இடம் சீக்கிரமே பளபளத்து வழுக்கையாகும். முறுக்கு தின்ற கை பட்டால் கறை போகாது.

ஸ்பீட் கிளாத் என்று விற்கும் பாலியஸ்டர் துணிக்கே எங்கள் ஓட்டு. சீட்டு வழுக்கிக்கொண்டு போகும். சிந்திய தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், சேம்பிலையில் விழுந்த துளிபோல உருண்டு நிற்கும். உடனே துடைக்க வேண்டும், விட்டால் நெசவுக்குள் இறங்கிவிடும். சிகரெட் நெருப்பு பட்டால் உருகி ஓட்டை விழும், அதற்கு வைத்தியம் இல்லை.

துணிக்கு அடியில் 6 மில்லிமீட்டர் மூடிய துளை ஃபோம் (தண்ணீர் உள்ளே இறங்காத ரகம்) போடுங்கள். சோபா பஞ்சு வேண்டாம், அது ஈரத்தைக் குடித்துப் பூசணம் பிடிக்கும். ஃபோம் ஒரே துண்டாக இருக்கட்டும், ஒட்டுப் போட்டால் துணிக்கு மேலே கோடு தெரியும். பசை ஃபோமுக்கும் பலகைக்கும் நடுவில் மட்டும். துணியில் பட்டால் ஊறி மேலே கறையாக வரும்.

பணம் அதிகம் வீணாவது கைவைக்கும் விளிம்பில். பியு லெதர், அதாவது பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல், கடையில் தடவிப் பார்க்கும்போது மெத்தென்று ஆளை மயக்கும். காற்றின் ஈரம் அதன் மேல்பூச்சைச் சிதைப்பதால் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்து விளையாடுகிறவர் முன்கையில் ஒட்டிக்கொள்ளும். பிவிசி என்ற பிளாஸ்டிக் தோல் வியர்வையில் பிசுபிசுக்கும், ஆனால் உரியாது. பிவிசியே எடுங்கள், அதிலும் பின்புறம் பின்னலாடை போல இழுபடும் ரகம். நெசவுத் துணி ஒட்டியது வளைவில் சுருக்கம் விழும்.

வாங்கும் முன் கணக்குப் பாருங்கள். பிவிசி சுருளின் அகலம் பொதுவாக 137 சென்டிமீட்டர். விளிம்பின் வெளி அகலம் முழு 4 அடி, அதாவது 122 என்றால், ஒவ்வொரு பக்கமும் விளிம்பு ஃபோமின் கனத்துக்கு 2.5, பலகையின் கனத்துக்கு 1.8, அடியில் மடிக்க 5 வேண்டும். மொத்தம் 140.6. துணி போதாது! அடிமடிப்பை 3 ஆகக் குறைத்தால் 136.6, பிடித்து இழுக்க விரலுக்கு இடமில்லை. விளிம்பின் அகலத்தை 112 ஆக அறுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் இரு முனைகளிலும் தையல் போட்டு இரண்டு துண்டாக வையுங்கள்.

பழைய பலகையை வைத்துக்கொள்ளலாமா? பிளைவுட் என்றால் பழைய ஸ்டேப்பிள்களைப் பிடுங்கிவிட்டுத் தட்டிப் பாருங்கள். மைதா போல மாவு கொட்டினால் உளுத்துவிட்டது, மாற்றுங்கள். எம்டிஎஃப் என்ற அழுத்திய மரநார்ப் பலகையின் ஓரம் ஒருமுறை ஈரத்தில் ஊதினால் பழைய அளவுக்குத் திரும்பாது, தேய்த்துச் சமாளிக்க வேண்டாம்.

8க்கு 4 அடி மேசைக்கு 1.5 மீட்டர் அகலத் துணியில் 2.75 மீட்டர் போதும். நான்கு பக்க நடுவிலும் முதலில் ஒவ்வொரு ஸ்டேப்பிள், பிறகு எதிரெதிராக முனை நோக்கி. நேரான பக்கத்தில் 2 சென்டிமீட்டர் இடைவெளி, வளைவில் 1. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் இழுத்தால் நெசவு சாய்ந்து அலை விழும். விழுந்தால் அலைக்கு நேர் எதிரே உள்ள ஏழெட்டு ஸ்டேப்பிளை மட்டும் கழற்றி இழுத்து அடியுங்கள், முழுத் துணியையும் பிரிக்க வேண்டியதில்லை.