சீக்கிரம் இருட்டும் சனிக்கிழமைகளுக்கு ஒரு விளையாட்டு: பேட்ச்வொர்க்

நிச்சயம் ஆகி, கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கிற ஜோடி யாராவது "சனி, ஞாயிறுல ரெண்டு பேரும் என்ன செய்யறது?" என்று கேட்டால், இப்போதைக்கு நான் கைகாட்டுவது பேட்ச்வொர்க் என்ற இந்தச் சின்னப் பெட்டியைத்தான். ஊவே ரோசன்பெர்க் வடிவமைத்து 2014-இல் வெளிவந்த போர்டு கேம். சரியாக இரண்டு பேருக்கு மட்டும். மூன்றாவது ஆளுக்கு இதில் இடமே கிடையாது. எனக்கு முதலில் பிடித்ததே அதுதான்.

கோடை இருக்கும்வரை எங்கள் வார இறுதிகள் தானாக நிரம்பிவிடும். நடை, சைக்கிள், எங்காவது புல்வெளியில் உட்கார்ந்து வெளிச்சம் போகும்வரை பேச்சு. இலையுதிர் காலம் வந்ததும் அது அப்படியே சுருங்கிப்போனது. துணி துவைத்து, வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்து, யாரையெல்லாம் கல்யாணத்துக்கு அழைப்பது என்ற பட்டியலை இன்னொரு தடவை அடித்துத் திருத்திவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. மழை வேறு. அப்புறம் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு ஒரே சோபாவின் இரண்டு மூலையில் உட்காருவோம். எங்களுக்கு இருப்பதே வாரத்தில் அந்த இரண்டு நாள். அது இப்படிக் கரைவது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

செஸ் சரிவரவில்லை. எனக்கு நிச்சயமாகியிருக்கிறவருக்கு அதில் பல வருடப் பழக்கம், எனக்கு இல்லை. நான்கு பேர் சேர்ந்தால் களைகட்டும் விளையாட்டுகளை இரண்டு பேராக ஆடினால் ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது. இரண்டு பேருக்கென்றே யோசித்துச் செய்த ஒன்று வேண்டும் என்று தேடியபோதுதான் இது அகப்பட்டது.

ஆளுக்கு ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் போட்ட ஓர் அட்டை. அதுதான் நீங்கள் துண்டு துண்டாக நிரப்ப வேண்டிய போர்வை. துணித் துண்டுகளைப் போல அச்சடித்த 33 அட்டைத் துண்டுகளை மேசையில் வட்டமாகப் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு உடனே பிடிபடும். வட்டத்தில் ஒரு மரக்காய் நிற்கும். அதற்கு அடுத்துள்ள மூன்று துண்டுகளில் ஒன்றைத்தான் வாங்கலாம். விலை இரண்டு விதம்: பொத்தான், நேரம். பொத்தான்தான் இங்கே பணம். ஆளுக்கு ஐந்து பொத்தானோடு தொடங்குகிறோம். நேரம் என்பது நடுவில் இருக்கும் சுழல் பாதை. துண்டில் போட்டிருக்கிற அளவுக்கு உங்கள் காயை அதில் முன்னே நகர்த்த வேண்டும். வாங்க முடியவில்லையா, விருப்பமில்லையா, எதிராளியின் காயைத் தாண்டி அடுத்த கட்டத்தில் போய் நில்லுங்கள்; நகர்ந்த கட்டத்துக்கு ஒன்றாகப் பொத்தான் கிடைக்கும்.

இதன் அழகு முழுவதும் ஒரு விதியில் இருக்கிறது. நான் ஒரு தடவை, நீ ஒரு தடவை என்ற ஒழுங்கே கிடையாது. நேரப் பாதையில் யார் பின்னால் இருக்கிறாரோ அவருக்குத்தான் முறை. எதிராளி ஒரு பெரிய துண்டை வாங்கி வெகுதூரம் போய்விட்டால், நான் குறைந்த நேரம் பிடிக்கும் சின்னத் துண்டுகளாகப் பார்த்து அடுத்தடுத்து இரண்டு, மூன்று கூட வாங்கிவிடலாம். பின்தங்கியிருப்பவருக்குச் சலுகை மாதிரித் தெரியும். ஆனால் பாதையில் ஒற்றைக் கட்டத் துண்டுகள் ஐந்து கிடக்கின்றன, முதலில் தாண்டுபவருக்குத்தான் அவை. போர்வையில் விழுந்த ஒற்றை ஓட்டையை அடைக்க வேறு வழியே இல்லை. முந்துவதா, பின்தங்குவதா என்ற இந்த இழுபறி கடைசி வரை ஓயாது.

சில துண்டுகளில் பொத்தான் வரைந்திருக்கும். பாதையில் வருமான இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் போர்வையில் எத்தனை பொத்தான் இருக்கிறதோ அத்தனை கையில் வரும். முன்னால் இன்னும் ஆறு வருமான இடங்கள் இருக்கும்போது மூன்று பொத்தான் உள்ள துண்டை வாங்கினால் 18 திரும்ப வரும். அதே துண்டைக் கடைசியில் வாங்கினால் ஒன்றும் வராது, கட்டத்தை நிரப்ப மட்டுமே உதவும். முடிவில், கையிலிருக்கும் பொத்தான்களில் இருந்து காலியாக விட்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டைக் கழிக்க வேண்டும். ஏழுக்கு ஏழு சதுரத்தை இடைவெளியில்லாமல் முதலில் முடிப்பவருக்கு 7 புள்ளி கூடுதல். 81 கட்டமும் காலி என்றால் 162 கழியும். அங்கிருந்துதான் இரண்டு பேரும் ஏறி வருகிறோம். முதல் சில ஆட்டங்களில் மைனஸில் முடிப்பது சகஜம், யாரும் மனம் தளர வேண்டாம்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. இந்த விளையாட்டு எங்கள் வீட்டுப் பேச்சையே மாற்றிவிட்டது.

அவர் சேர்த்து வைக்கிற ஆள். துண்டு வாங்காமல் முன்னே நகர்ந்து நகர்ந்து பொத்தானைக் குவிப்பார். நான் ஆரம்பத்திலேயே பொத்தான் வரைந்த துண்டாகப் பார்த்துக் கையிலிருப்பதை எல்லாம் கொடுத்து வாங்கிவிடுவேன். ஒரு மழைச் சனிக்கிழமை, "ஏன் இவ்வளவு சீக்கிரம் எல்லாத்தையும் செலவழிக்கிறே?" என்றார். "இப்ப வாங்கினாத்தான் கடைசி வரைக்கும் வருமானம் வரும், பாருங்க" என்றேன். அங்கிருந்து பேச்சு நிஜப் பணத்துக்குப் போனது. கல்யாணத்துக்கு அப்புறம் கணக்கு சேர்ந்தா, தனித்தனியா, இருப்பதில் எவ்வளவை ஒதுக்கி வைப்பது, எதற்குத் தயங்காமல் செலவழிப்பது. நேருக்கு நேர் உட்கார்ந்து "வா, பேசலாம்" என்று தொடங்கியிருந்தால் இரண்டு பேரும் விறைத்துப் போயிருப்போம். கை ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் தயங்குவதில்லை. அவர் அம்மா அப்பாவைப் பற்றிய ஒரு கவலையைக்கூட அவர் என்னிடம் முதலில் சொன்னது இப்படி ஓர் ஆட்டத்தின் நடுவில்தான்.

அவர் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வார். "இரு, ஒரு நிமிஷம்" என்றால் அது ஒரு நிமிடமாக இருக்காது. இதில் அது என்னை உறுத்தவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கும் வேலை இருக்கிறது: என் ஓட்டைக்கு எந்த வடிவம் பொருந்தும், அவர் எதை எடுத்தால் எனக்கு எது கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பகடையும் கிடையாது. துண்டுகளை வட்டமாகப் பரப்பும்போது வருகிற வரிசை மட்டுமே அதிர்ஷ்டம்.

எல்லாருக்கும் ஒத்துவருமா என்றால், இல்லை. அதிர்ஷ்டம் இவ்வளவு குறைவாக இருப்பதால், கணக்கில் கெட்டிக்காரர் தொடர்ந்து ஜெயிக்க வாய்ப்பு உண்டு. அடிப்பது, வெட்டுவது கிடையாது. ஆனாலும் எனக்கு வேண்டிய துண்டு என்று தெரிந்தே அவர் எடுத்துக்கொள்ளும்போது சுருக்கென்று இருக்கும். ஒரே அணியாகச் சேர்ந்து ஆடத்தான் விருப்பம் என்கிற ஜோடிகள் வேறு விளையாட்டு பார்ப்பது நல்லது. பெட்டி சின்னது, ஆனால் 33 துண்டுகளைப் பரப்பினால் சாப்பாட்டு மேசை பாதிக்கு மேல் போய்விடும். ஒற்றைக் கட்டத் துண்டுகள் விரல் நுனி அளவுதான், சின்னக் குழந்தைகளோ பூனையோ இருக்கிற வீட்டில் கவனம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் பெட்டியிலும் போட்டிருக்கிறது.

இதற்குப் போன் செயலியும் இருக்கிறது. விதிகள் அதேதான், ஊர் விட்டு ஊர் இருக்கும் ஜோடிகளுக்கு அது பயன்படும். ஒரே அறையில் இருக்கிறீர்கள் என்றால் அட்டையையே வாங்குங்கள். திரையில் கணக்கு தானாக நடந்துவிடுகிறது, அதனால் ஆட்டமும் விறுவிறுவென்று முடிகிறது. எனக்கு அந்த வேகம் வேண்டாம்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் ஆட்டத்தில் ஏழுக்கு ஏழு சதுரத்தைத் துரத்தாதீர்கள். முற்பாதியில் பொத்தான் உள்ள துண்டுகள், பிற்பாதியில் கட்டத்தை அதிகம் நிரப்பும் துண்டுகள், அவ்வளவு போதும். ஒரு முழு ஆட்டம் ஏறக்குறைய அரை மணி நேரம். யார் தொடங்குவது என்று சண்டை வேண்டாம், விதிப்புத்தகமே சொல்லிவிடுகிறது: கடைசியாக ஊசியைக் கையில் எடுத்தவர் யாரோ, அவர். எங்கள் வீட்டில் சட்டைப் பொத்தானைத் தைப்பது அவர்தான், அதனால் பெரும்பாலும் அவரே தொடங்குகிறார்.