கடைக் கமரா: 6 வருடப் பாவனைக்குப் பிறகு

2019 இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட இருக்கும் எங்கள் கடையில் நாலு கமராவும், படத்தைப் பதிந்து வைக்கிற ஒரு டிவிஆர் பெட்டியும் பூட்டினோம். சீனத் தயாரிப்பு. பெயரைச் சொல்லிப் பயனில்லை, ஒரே பெட்டிதான் பல பெயரில் விற்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் இன்றைக்கும் தெளிவு. உப்புக் காற்றில் வெளிக்கமராவின் இணைப்பு ஒன்று பச்சை பிடித்தது, மாற்றினேன். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டினால் இரவில் வெள்ளைத் திரை போட்டது போல இருக்கும், அதற்கு விளக்குமாறு. 2022 மின்வெட்டுக் காலத்தில்தான் பெரிய தொல்லை. பெட்டிக்குள் இருக்கும் சின்னப் பற்றரி செத்துப்போனதால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் திகதி பிழைத்துவிடும். பிழையான திகதியோடு இருக்கும் பதிவை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

ஆனால் கமரா பூட்டியதே டொரொன்டோவில் இருக்கும் பெரியண்ணைக்காகத்தான். போனில் கடையைப் பார்த்துவிட்டு, "டேய், அந்தச் சோடாப் பெட்டியை வெயிலிலை வைக்காதை" என்று கோல் எடுப்பார்.

வெளியில் இருந்து உள்ளே வர ரூட்டரில் ஒரு வழியும் திறந்து விடாமல் படம் எப்படி அவ்வளவு தூரம் போகிறது என்று பிறகுதான் யோசித்தேன். பெட்டி தானாகவே கம்பனியின் சர்வரோடு தொடுப்பு எடுத்து வைத்திருக்கிறது. அண்ணையின் போனும் அங்கேதான் போய்க் கேட்கிறது. சீனாவின் 2017 புலனாய்வுச் சட்டத்தில் 7 ஆம் பிரிவு, நிறுவனங்களும் குடிமக்களும் அரசின் உளவு வேலைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கம்பனிகளின் கமராக்களை முக்கியமான அரச இடங்களில் புதிதாகப் பூட்ட வேண்டாம் என்று 2022 நவம்பரில் பிரிட்டன் தன் திணைக்களங்களுக்குச் சொன்னது இதனால்தான். அமெரிக்காவும் சும்மா இருந்த ஆள் இல்லை. அமெரிக்கக் கம்பனியான சிஸ்கோ வாடிக்கையாளருக்கு அனுப்பிய ரூட்டர்களை அவர்களுடைய உளவுக்காரர் வழியில் மறித்துப் பிரித்து, தங்கள் சாமானை உள்ளே வைக்கிற படமே, அமெரிக்க உளவு இரகசியங்களை வெளியில் விட்ட ஸ்னோடனின் ஆவணங்களோடு 2014 இல் வெளிவந்தது.

எங்கள் தீவுப் பக்கமும் இந்த இழுபறி வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் 2021 தொடக்கத்தில் சீனக் கம்பனி ஒன்றுக்குப் போனது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி அந்த வருடக் கடைசியில் வேலை நின்றது. 2022 மார்ச்சில் அதே வேலைக்கு இந்தியாவோடு உடன்படிக்கை.

சரி, என் கடையைப் பார்த்தது யார்? 2023 இல் ஒரு நாள் பெட்டியின் பாவனையாளர் பட்டியலைத் திறந்தேன். நான், அண்ணை, அதோடு மூன்றாவதாக ஒரு பெயர். கமரா பூட்டிய தம்பியுடையது! கேட்டேன். "சேர்விஸுக்கு லேசு எண்டு விட்டனான் அண்ணை" என்றார், கூச்சமே இல்லாமல். நாலு வருடமாக என் காசுமேசை அவருடைய போனில் இருந்திருக்கிறது. பெய்ஜிங்குக்குப் பயந்துகொண்டிருந்தேன், ஆள் பக்கத்துக் கொக்குவிலில்.

கடவுச்சொல்லும் அவர் போட்ட 123456 தான். இப்படி மாற்றாமல் விட்ட கமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் 2016 ஒக்டோபரில் மிராய் என்ற நச்சு நிரல் ட்விட்டர் போன்ற பெரிய தளங்களையே அமெரிக்காவில் மணிக்கணக்காக முடக்கியது.

இப்போது பெட்டியை இணையத்தில் இருந்து வெட்டிவிட்டேன். பதிவு கடைக்குள்ளேயே நிற்கும், பார்க்க வேண்டுமென்றால் திரைக்கு முன்னால் வந்து பார்க்க வேண்டும். திகதியையும் நானே கையால் திருத்துகிறேன். கமரா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பூட்ட வந்தவர் போவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அண்ணைக்கு இன்னும் கோபம். இப்போது வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்து, போனைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்கிறார். போன கிழமையும் சோடாப் பெட்டி வெயிலில்தான் இருந்தது.