வீட்டு வேலைக்கு ஜாம்பி: ‘மிஸ் ஜாம்பி’யா, ‘ஃபைடோ’வா?
செத்து எழுந்தவர்களை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் கதையில் பார்க்கத் தகுந்தவை இரண்டு: கனடாவின் ஆண்ட்ரூ கரி எடுத்த ‘ஃபைடோ’ (2006), ஜப்பானிய இயக்குநர் சபுவின் ‘மிஸ் ஜாம்பி’ (2013). இரண்டுமே ஒன்றரை மணி நேரம் அளவுதான். ஒரு ராத்திரிக்கு ஒன்று என்றால் நான் போடுவது சபுவைத்தான்.

‘ஃபைடோ’ 1950களின் அமெரிக்கப் புறநகரைக் கிண்டலடிக்கும் பளிச்சென்ற வண்ணப்படம். ஜாம்காம் என்ற நிறுவனம் பிணங்களின் கழுத்தில் பட்டை மாட்டி வேலைக்கு விடுகிறது. பட்டை இயங்கும்வரை பசி அடங்கியிருக்கும், பழுதானால் கடிதான். ஒரு வசனம்கூட இல்லாமல் பில்லி கானொலி முனகலிலும் கண்ணிலுமே நடித்துவிடுகிறார். சிரிக்க நல்ல படம். பயம் கம்மி.

‘மிஸ் ஜாம்பி’யில் பட்டை கிடையாது. மருத்துவர் தெராமொட்டோவின் வீட்டு வாசலில் ஒரு கூண்டு வந்து இறங்குகிறது. உள்ளே ஷாரா என்ற ஜாம்பிப் பெண் (நடிப்பு: அயாகா கொமாட்சு). கூடவே ஒரு துப்பாக்கி, இறைச்சி கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. கட்டுப்பாடு இவ்வளவுதான். ஆனாலும் ஆபத்து அவளிடமிருந்து கிளம்புவதில்லை, வீட்டிலுள்ள ஆண்களிடமிருந்து கிளம்புகிறது.

என்னைப் பொறுத்தவரை இரண்டையும் பிரிப்பது ஒரே விஷயம்: வேலையைக் காட்டும் விதம். ‘ஃபைடோ’வில் வேலை பின்னணியோடு சரி, பட்டை எப்போது பழுதாகும் என்பதில்தான் கதை நகர்கிறது. சபுவோ வேலையையே படமாக்குகிறார். ஷாரா மண்டியிட்டு முற்றத்துக் கல்தளத்தைத் தேய்க்கிறாள். பிரஷ் கல்லில் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. சாயங்காலம் கூலியாகக் கிடைத்த காய்கறிப் பையோடு தன் கொட்டகைக்கு நடக்கிறாள். வழியில் சிறுவர்கள் கல்லெறிகிறார்கள். மறுநாளும் இதே தேய்ப்பு, இதே நடை. கறுப்பு வெள்ளையில் நாட்கள் ஒன்றுபோலவே திரும்பத் திரும்ப வருவதால், குனிந்து தேய்ப்பவள்மீது ஓர் ஆணின் பார்வை கொஞ்சம் கூடுதலாகத் தங்கினாலும் உடனே தெரிந்துவிடுகிறது. பின்னால் வரும் வன்முறை அவ்வளவு வலிப்பதற்கு இந்தத் தேய்ப்புதான் காரணம்.

சிக்கலும் இங்கேதான். பிரான்சின் ஜெரார்மே திகில், மாயக்கதைப் பட விழாவில் 2014இல் பெரும்பரிசு வாங்கிய படம் என்று நம்பி ரத்தக்களறியை எதிர்பார்த்து உட்கார்ந்தால், முதல் அரை மணி நேரத்திலேயே பொறுமை போய்விடும். போன் ஸ்பீக்கரில் அந்த உரசல் சத்தம் எடுபடாது, ஹெட்போன் மாட்டிக்கொள்வது நல்லது. விளக்கையும் அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தில் சாம்பல் நிறங்கள் வெளுத்துப்போகும். கடைசிப் பகுதியில் சற்று நேரம் வண்ணம் வரும், பிரதியில் கோளாறோ என்று நினைக்க வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. மருத்துவரின் மகன் குளத்தில் மூழ்கியபின் அவன் தாய் ஷிசுகோவின் மாற்றம் அவசரமாக நடக்கிறது. அவள் துக்கத்துக்கு அந்த வேகம் பொருந்துகிறது என்று ஒருவர் வாதிட்டால் முழுதாக மறுக்க மாட்டேன். பாலியல் வன்முறைக் காட்சிகள் உண்டு, பிள்ளைகளோடு பார்க்கவே கூடாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் கூட இருந்தால் ‘ஃபைடோ’ போடலாம், அதிலும் தலை வெட்டும் காட்சிகள் இருக்கின்றன என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.