தாக்கும் போக்குள்ள மனச்சிதைவு நோயாளிக்கு ஓலன்சபினா, குளோசபினா?

மனச்சிதைவு நோயால் வார்டில் சேர்க்கப்பட்டவர் பிறரைத் திரும்பத் திரும்பத் தாக்கும்போது, ஓலன்சபின் என்ற மனநோய் மருந்தைத் தொடர்வதா, குளோசபின் என்ற இன்னொரு மருந்துக்கு மாறுவதா என்ற கேள்வி எழுகிறது. தாக்கும் போக்குள்ள 110 உள்நோயாளிகளிடம் 12 வாரம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல்ரீதியான தாக்குதலைக் குறைப்பதில் ஹாலோபெரிடால் என்ற பழைய மருந்தை ஓலன்சபின் முந்தியது. இரண்டையும் குளோசபின் முந்தியது.

ஓலன்சபினைச் சில நாட்களிலேயே முழு அளவுக்குக் கொண்டுவரலாம், ஊசியாகவும் போடலாம். எடையும் சர்க்கரையும் ஏறும் அபாயம் ஓலன்சபின், குளோசபின் இரண்டுக்கும் பொது.

குளோசபினை 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்லத்தான் ஏற்ற வேண்டும்; இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அரிதாக ரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும் என்பதால், முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்துக் குடும்பத்துக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் விழுங்கிவிடுகிறது. பீடியும் கணக்கில் வரும்: புகை இம்மருந்தை (ஓலன்சபினையும் ஓரளவு) உடலில் விரைவாகச் சிதைப்பதால், வார்டில் பீடியின்றிச் சரியாக இருந்த அளவு, வீட்டில் மீண்டும் புகைத்தால் போதாமல் போகலாம். குளோசபினால் வரும் மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

என் கருத்தில், ஓலன்சபினைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் தாக்குதல் ஓயவில்லை என்றால், பரிசோதனைச் சிரமத்துக்காகக் குளோசபினைத் தள்ளிப்போடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. வீட்டுக்கு அனுப்பும் முன்பே, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்க முடியுமா என்று குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.