ஐபி போனில் 911: நான்கு வருட அனுபவம்

டெக்சாஸில் உள்ள எங்கள் அலுவலகத்தில் பழைய பிபிஎக்ஸைக் (அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் தொலைபேசி இணைப்பகம்) கழற்றிவிட்டு, இணையம் வழியாகப் பேசும் ஐபி போன்கள் வைத்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு மாடி, நாற்பதுக்கு மேல் போன்கள், செட்டிங்ஸ் முழுக்க என் பொறுப்பு. குரல் தெளிவில் குறையே இல்லை. நான் எழுத வந்தது அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911 பற்றி.

2013 டிசம்பரில் இதே டெக்சாஸில், மார்ஷல் என்ற ஊரின் மோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் நான்கு முறை 911 அழுத்தியும் அழைப்பு போகவில்லை. வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அதிலிருந்து பிறந்ததுதான் கேரி சட்டம். 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு வைக்கும் சிஸ்டங்களில் 911 நேரடியாகப் போக வேண்டும்; யாரோ அழைத்தார்கள் என்ற தகவல் கட்டடத்தின் பொறுப்பாளருக்கும் போக வேண்டும்.

நேரடி டயலிங் சுலபமாக முடிந்தது. 9911 என்று அழுத்தினாலும் 911-க்கே போகும்படி டயல் பிளானில் (எந்த எண்ணை அழுத்தினால் எங்கே போகும் என்ற விதிகள்) சேர்த்தேன். பதற்றத்தில் விரல் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். ஆனால் வெளி லைனுக்கு 9, வெளியூருக்கு 1, கை தவறி இன்னொரு 1 என்று அழுத்தி, இரண்டு முறை போலீஸ் வாசலுக்கே வந்துவிட்டது. வெளி லைன் எண்ணை 8 ஆக்கிய பிறகு அது நின்றது.

நான் கோட்டை விட்டது தகவல் அனுப்புவதில். மேல் மாடியில் சக ஊழியருக்கு நெஞ்சுவலி வந்த அன்று 911 உடனே கிடைத்தது. ஆம்புலன்ஸ்காரர்களோ பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் என் இன்பாக்ஸில் கிடந்தது, நான் மீட்டிங்கில் இருந்தேன். அவர் பிழைத்துவிட்டார், ஆனாலும் அந்த நிமிடங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது ரிசப்ஷன் போன் திரையிலும் செக்யூரிட்டியின் மொபைலிலும் தகவல் ஒரே நேரத்தில் வருகிறது.

முகவரி அடுத்த தலைவலி. போனைக் கழற்றி வேறு மேஜையில் செருகினால் வழக்கம்போல வேலை செய்யும். 911-க்குப் போகும் மாடியும் அறையும் மட்டும் பழையதாகவே இருக்கும். எங்கள் சேவையில் 933 அழைத்தால் பதிவான முகவரியை வாசித்துக் காட்டும். அக்கவுன்ட்ஸ் பிரிவு கீழே வந்து பல மாதம் கழித்து அழைத்துப் பார்த்தேன், 'இரண்டாம் மாடி' என்றது. அதன்பின் போன் எந்த நெட்வொர்க் ஸ்விட்ச் போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்து இடம் கண்டுபிடிக்கும்படி மாற்றினேன்.

நெட்வொர்க்கில் இரண்டே விஷயம். ரௌட்டரில் சிப் ஏஎல்ஜியை (ஐபி போன் அழைப்புத் தகவலை இடையில் மாற்றும் வசதி) அணைத்ததும், ஒருவர் பேசுவது மட்டும் கேட்கும் ஒருபக்கக் குரல் பிரச்சினை தீர்ந்தது. யூபிஎஸ்ஸில் போன்களுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்சோடு ரௌட்டரையும் மோடத்தையும் சேர்த்து மாட்டுங்கள். ஒரு புயல் இரவில் எங்கள் போன்கள் எல்லாம் ஒளிர்ந்தன, லைன் மட்டும் இல்லை.

அடுத்த வாரம் மூன்று பேர் மேஜை மாறுகிறார்கள். மூன்று போனிலிருந்தும் 933 அழைத்துக் கேட்க வேண்டும்.