டிஜிட்டல் பியானோவும் அந்த எஃப் கீயும்

காட்பாடியில் இருக்கும் தோழி தன் மகளுக்கு டிஜிட்டல் பியானோ வாங்கப் போகிறாள். "நீ வச்சிருக்கிறதையே வாங்கிடட்டுமா? தினமும் எப்படிப் பழகணும்?" என்று கேட்டாள். சர்வீஸுக்குப் போன என் பியானோ போன வாரம்தான் வீடு திரும்பியது. அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

88 கீ, அழுத்தினால் விரலுக்கு எடை தெரியும். இதில் பழகிய கைக்கு சர்ச்சில் நிஜப் பியானோ முன்னால் உட்கார்ந்தபோது தடுமாற்றமே இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் விடியற்காலையிலும் வாசிக்கலாம். சத்துவாச்சாரி மே மாத வெயிலில் வேறு எந்த நேரத்தில் உட்கார முடியும்? பழக்கம் விடாமல் நின்றதே அந்த ஹெட்போனால்தான். (மாடி வீடு என்றால் அடியில் தடிமனான பாய் போடுங்கள். கீ இடிக்கும் டொக் டொக் கீழ்வீட்டுக்குக் கேட்கும்.)

இனி, சர்வீஸுக்கு அனுப்பவைத்த அந்த எஃப் கீ. மிடில் சிக்கு, அதாவது பியானோவின் நடுவில் வரும் சி கீக்கு, மேலே இருப்பது. மெல்லத் தொட்டாலும் திடீரென்று அலறும். சி மேஜர் ஸ்கேலில் (சியில் தொடங்கி வரிசையாக ஏறும் சுரங்கள்) வலது கை சி, டி, இ என்று ஏறியதும், கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து இறங்குகிற இடம் அதுதான். புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சத்தம் தடிப்பதும் அங்கேதான். கை தப்பா, கீ தப்பா என்று எப்படித் தெரியும்? டீச்சர் என் கட்டைவிரலையே திருத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் நடுவிரலால் தொட்டபோதும் அலறியது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. கீயின் அடியில் உள்ள ரப்பர் கான்டாக்ட் இரண்டு இடத்தில் தொடும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஆகும் நேரத்தை வைத்துத்தான் சத்தம் கூடும், குறையும். தூசி படிந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். திறந்து துடைக்கிற வேலை, அவ்வளவுதான். அதற்குச் சென்னைக்கு அனுப்பி, போன் மேல் போன் போட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தேன். செலவைவிட, தினப் பழக்கம் அறுந்து போனதுதான் ஆத்திரம்.

பயிற்சிக்கு இருபது நிமிஷம் போதும். முதலில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒவ்வொரு கையாக ஸ்கேல். அப்புறம் புதுப் பாடத்தில் இரண்டே இரண்டு பார் (தாளக் கட்டம்) மட்டும். தனித்தனிக் கையாக, பிறகு சேர்த்து. தப்பு வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் அந்த இடத்தையே பிடித்துச் சரிசெய்ய வேண்டும். கடைசியில் நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்று, ஆசை தீர. பியானோ எப்போதும் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும். எடுத்து வைக்கிற வேலை இருந்தால் பிள்ளை உட்காராது. வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடச் சொல்.

இவ்வளவு பிடித்தும், இதையே வாங்கு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். வேலூரிலேயே திறந்து பார்க்க ஆள் கிடைக்கிற மாடலாகப் பார். கடையில் ஒரே விரலால், ஒரே அழுத்தத்தில், 88 கீயையும் தொட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடு.