புகை அடிக்கும் ஸ்பிளெண்டர்: ரீபோரா, பிளாக் கிட்டா, புதுப்பேட்டை இன்ஜினா?

தண்டையார்பேட்டையிலிருந்து வியாசர்பாடி வரைக்கும் எந்த மெக்கானிக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினாலும், புகை அடிக்கிற பழைய ஸ்பிளெண்டருக்கு மூன்று பதில்தான் வரும். "ரீபோர் போட்டுக்கலாம்ணா", "பிளாக் பிஸ்டன் புதுசா மாத்திடலாம்", "புதுப்பேட்டையில ஒரு இன்ஜின் பார்த்து ஏத்திடலாம்". முதலாவது, பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் துளையை (போர்) கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. இரண்டாவது, சிலிண்டர் பிளாக்கையும் பிஸ்டனையும் சேர்த்தே மாற்றுகிற பிளாக் கிட். மூன்றாவது, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்குகிற பழைய இன்ஜின். யாருக்கு எந்த வேலை கைப்பழக்கமோ அதுதான் அவர் வாயில் முதலில் வரும். வண்டிக்கு என்ன தேவை என்பது வேறு கணக்கு.

பிளாக்கில் கை வைக்கும் முன் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் உதைத்ததும் கொஞ்சம் நீலப் புகை விட்டு அடங்கிவிட்டால், பெரும்பாலும் வால்வு ஆயில் சீல்தான் (வால்வு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கிற சின்ன வளையம்). ஹெட் (பிளாக்குக்கு மேலே மூடி மாதிரி இருக்கும் பாகம்) வேலையோடு முடிந்துவிடும், செலவும் குறைவு. ஓடும்போது முறுக்க முறுக்கப் புகை கூடினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) அல்லது போர். சந்தேகம் தீர, கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் மீட்டர்) வைத்து அளந்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங், போர் பக்கம். ஏறாவிட்டால் வால்வு பக்கம். கேஜே இல்லாத கடையில் காதால் கேட்டு "இன்ஜின் போச்சு" என்று சொல்லும் தீர்ப்பை நான் எடுத்துக்கொள்வதில்லை.

போர்தான் என்று உறுதியானால் என் ஓட்டு ரீபோருக்கு. ஸ்பிளெண்டரின் 97.2 சிசி இன்ஜினில் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்) 49.5 மி.மீ. அலுமினிய பிளாக்குக்குள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உள்குழாய்) இருக்கிறது. கடைந்து எடுக்க அதுதான் இடம் தருகிறது. ஹெட்டைக் கழற்றியதும் நகத்தை ஸ்லீவின் மேல் விளிம்பிலிருந்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு படி மாதிரி தட்டும். மேல் ரிங் திரும்பும் இடம் அது. சூடும் அழுத்தமும் அங்கேதான் அதிகம், ஆயில் அங்கேதான் குறைவு, அதனால் முதலில் தேய்வதும் அங்கேதான். படி தெளிவாகத் தட்டுகிற பிளாக்கில் புது ரிங் மட்டும் போட்டு மூடினால், கொஞ்ச நாளில் புகை திரும்பி வரும். "ரிங் மட்டும் போதும்" என்பவரிடம் அந்தப் படியைக் காட்டிப் பேசுங்கள்.

ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக வரும். பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்து லேத்துக்கு (கடைசல் பட்டறைக்கு) கொடுக்க வேண்டும். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுத்தான் போர் போடணும். பிளாக் திரும்பி வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஹோனிங் (கடைந்த உள்சுவரைக் கடைசியாகத் தேய்க்கும் வேலை) கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் ஆயில் நிற்காது, ரிங் உட்காராது. ரீபோரின் பலவீனமே இதுதான், லேத்காரர் கையை நம்பி நிற்கிறது. நல்ல கை கிடைத்தால் இதைவிட மலிவான, நீடிக்கிற வேலை கிடையாது. கூடவே ஒரு வதந்தி: போர் போட்டால் வண்டி பறக்கும் என்று. 0.50 ஏற்றினால் 99 சிசி ஆகிறது. அவ்வளவுதான்.

பிளாக் கிட் எங்கே ஜெயிக்கிறது என்றால் நேரத்தில். லேத்தில் வரிசை இருந்தால் வண்டி இரண்டு மூன்று நாள் பிரித்தபடி கிடக்கும். டெலிவரி ஓட்டுகிற தம்பிக்கு அது அத்தனை நாள் கூலி. கிட் என்றால் காலையில் பிரித்து சாயங்காலம் ஓட்டிக்கொண்டு போகலாம். விலை கூட என்றாலும் அவருக்கு அதுதான் லாபம். பெட்டியைப் பார்த்து ஏமாறாமல், கம்பெனி ஸ்பேர்ஸ் விற்கிற கடையில் பில்லோடு வாங்குங்கள். யமஹா ஆர்15, கேடிஎம் டியூக் மாதிரி வண்டிக்காரர்களுக்கு ரீபோர் என்ற பேச்சே இல்லை. அவற்றில் இரும்பு ஸ்லீவ் கிடையாது. கடைந்தால் பிளாக்கே வீண்.

புதுப்பேட்டை இன்ஜினை நான் கடைசியில்தான் வைப்பேன். கணேசபுரம் சப்வே தண்ணீரில் இறங்கி, இன்ஜின் தண்ணீர் குடித்து கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் என்கிற சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பி) வளைந்துபோச்சு, கியர் பாக்ஸும் சரியில்லை என்றால் அது ஒரு வழி. மற்றபடி நம் தேய்மானத்தைக் கொடுத்துவிட்டு இன்னொருத்தர் தேய்மானத்தை வாங்கி வருகிறோம். அதைவிடப் பெரிய தலைவலி ஆர்சி. அதில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியது நீங்கள்தான். பில்லே இருந்தாலும் ஆர்டிஓவில் பதிவை மாற்றாமல் விட்டால், 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது சேசிஸ் நம்பரோடு இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள், அங்கே மாட்டும்.

எந்த வழியில் போனாலும் ஏர் ஃபில்டரைப் புதுசாகப் போடுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலி ரோட்டிலும் கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதியில்தான் நம் வண்டிகள் மூச்சு விடுகின்றன. காற்றடித்துக் காற்றடித்துக் கிழிந்த காகித ஃபில்டர் வழியாக மண் உள்ளே போனால், நேற்று போட்ட போரும் தேயும். போதாததற்கு, துறைமுகம் போகிற லாரி வரிசையில் முதல் கியரில் ஊரும்போது காற்றில் குளிர வேண்டிய இன்ஜினுக்குக் காற்றே கிடைப்பதில்லை.

1950-களிலிருந்தே திருவொற்றியூரில் புல்லட் தயாரானதால் இந்தப் பக்கம் புல்லட் பேச்சு இல்லாமல் முடியாது. பழைய இரும்பு இன்ஜின் 350-க்கு 90 மி.மீ. ஸ்ட்ரோக். அதில் போர் பார்ப்பதற்கு முன் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் முனை) ஆட்டத்தைப் பாருங்கள். கிராங்க் போன புல்லட்டுக்கு ரீபோர் போடுவது காசைக் கரைக்கிற வேலை.

ரீபோரோ கிட்டோ, ஆரம்பத்தில் ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், பின்னால் கனமான ஆளை ஏற்றாதீர்கள். முதல் ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரமே வடித்துவிட்டு, வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய இரும்புப் பொடி ஒட்டினால் சாதாரணம். செதில் வந்தால் வண்டியை நேரே அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துங்கள்.